ஜாரா செய்த சத்தியம்

மொலோபாலி ஜாரா பிறப்பதற்கு முன் அவன் தாய்க்கு மூன்று குழந்தைகள் பிறந்து, மூன்றும் போய்விட்டன. நாலாவதாக வந்தவனைத் தூக்கிப் பார்த்து, "இந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வர உனக்கு வெக்கமாயில்லையா?" என்று கேட்டாள். அதையே பேராக வைத்துவிட்டார்கள். மொலோபாலி என்றால் வெட்கங்கெட்டவன். இப்படிப் பேருள்ள பிள்ளையைச் சாவு சீண்டாது என்பது நம்பிக்கை. நம்பிக்கை பொய்க்கவில்லை. இரண்டு பெரிய போர்களில் சாவு அவனைச் சீண்டவில்லை. பக்கத்தில் நின்றவர்களை எடுத்துக்கொண்டு போனது.

அவன் ஊர் ஸிராபுகு, மேற்கு ஆப்பிரிக்காவில் ஜோலிபா ஆற்றங்கரையில் இருந்தது. ஊர் முழுக்க ஜாரா குலம். ஒரு கம்பங்கொல்லையைத் தாண்டினால் தியோங்கோனி. அங்கே முழுக்க திராவோரே குலம். இந்த இரண்டு குலத்துக்கும் நடுவில் இருந்தது கேலி உறவு. யார் எப்போது ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. ஜாரா ஒருவன் திராவோரேயைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டான், திட்டுவான். "காராமணி தின்னி" என்பது தொடக்கம். அதற்கு மேல் அவரவர் திறமை. ஆளுக்கு ஆள் "என் அடிமையே" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்து சட்டியைத் திறந்து பார்க்கலாம். கோபப்பட்டவன் தோற்றவன். அவன் பேச்சை அப்புறம் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கல்யாணம், நிலம், நோய் என்று நிஜமான விஷயம் ஏதாவது இருந்தால் நடுவில் வேறு குலத்து ஆள் ஒருவனை அனுப்புவார்கள். ஜாரா வாயால் வந்த சேதி திராவோரே வீட்டில் சேதியே இல்லை. திராவோரே வாயால் வந்ததற்கும் ஜாரா வீட்டில் அதே மரியாதை.

இத்தனை சிரிப்புக்கும் அடியில் சிரிக்க முடியாத விதி ஒன்று இருந்தது. ஒருவன் ரத்தத்தை மற்றவன் சிந்தக் கூடாது. சிந்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் சிந்திப் பார்த்ததில்லை.

1916இல் பிரான்சில் சண்டைக்கு ஆள் வேண்டும் என்று வெள்ளைக்கார அதிகாரி ஊர்த் தலைவர்களிடம் கேட்டான். ஸிராபுகு தலைவனுக்கு வாட்டசாட்டமாக ஒரு மகன் இருந்தான். அவனுக்குத் திடீரென்று கால் நொண்டியது. அவனுக்குப் பதில் மொலோபாலியைக் கயிற்றில் கட்டிக் காவலர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். தியோங்கோனி வழியாகப் போகும்போது சிரிமான் திராவோரே என்கிற பத்தொன்பது வயது ஆள் ஓடிவந்து பாதையோரம் நின்று கைதட்டினான்.

"பாருங்கடா, என் அடிமையச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறாங்க! வித்துடாதீங்கய்யா, இதுக்கு நான்தான் சொந்தக்காரன்!"

காவலர் தலைவன் எண்ணிப் பார்த்தான். வழியில் ஒருவன் ஓடிப்போயிருந்தான், ஓர் ஆள் குறைந்தது. கைதட்டிக்கொண்டிருந்த சிரிமானின் கழுத்தில் கயிற்றைப் போட்டான். இப்படிக் கேலி பண்ண வந்தவன் பிரெஞ்சு ராணுவச் சிப்பாய் ஆனான். கப்பல் ஏறும்வரை மொலோபாலி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்த வருஷத்தில் அவன் கடைசியாக வயிறு குலுங்கச் சிரித்தது அப்போதுதான்.

பிரான்சின் சேற்றைப் பற்றி இருவரும் பின்னால் பேசிக்கொண்டதில்லை. மொலோபாலிக்குத் தோளில் ஒரு குண்டு. சிரிமானுக்குப் பனியில் இடதுகால் விரல்கள் இரண்டு போயின. மருத்துவமனையில் படுத்திருந்தபோது மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டிய தாள்களைப் பார்த்துப் பார்த்து மொலோபாலி எழுத்துக் கற்றுக்கொண்டான். சிரிமான் கற்றுக்கொண்டதெல்லாம் சேவல் மாதிரி கூவி நர்சுகளை ஓடவைப்பது.

எழுத்துத் தெரிந்தவன் மேலே போனான். கார்ப்பரல், சார்ஜன்ட், அதற்கும் மேலே. 1931இல் இரண்டாம் லெப்டினன்ட், தோளில் ஒரு பட்டை. ஆனால் அந்தப் பதவிக்குப் பின்னால் "உள்ளூர்" என்ற சின்னச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல் இருந்தால் வெள்ளைக்கார சார்ஜன்ட் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் அவனுக்கு மேசை கதவோரம். இரண்டாவது பட்டை வந்தால் மேசை உள்ளே போகும் என்று அவனுக்கு எப்படியோ ஒரு எண்ணம். அதற்காக ஒன்பது வருஷம் காத்திருந்தான். சிரிமான் மூன்று முறை சார்ஜன்ட் ஆகி இரண்டு முறை இறக்கப்பட்டான். அதில் ஒருமுறை மொலோபாலியின் புதுப் பட்டையைப் பார்த்த அன்று நடந்தது. அணிவகுப்பில் சல்யூட் அடிக்க வேண்டியவன் எட்டிப் பார்த்தான்.

"ஏ அடிமையே, தோள்ல என்னடா அது, காக்கா எச்சமா?"

நாலு நாள் சிறை. வெளியே வந்ததும் நேராக மொலோபாலியிடம்தான் வந்தான். "காஞ்சிடுச்சா?"

சாவிலும் இந்த உறவு விடாது. திராவோரே ஒருவன் செத்தால் ஜாரா ஒருவன் முதலில் போய்க் குழிக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். "இது என் இடம், இவன் வேற எடம் பார்த்துக்கட்டும்" என்று அடம் பிடிக்க வேண்டும். செத்தவன் எப்படி நடப்பான், எப்படி மூக்குச் சிந்துவான் என்று செய்து காட்ட வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டார் சிரிக்கும்வரை விடக்கூடாது. கடைசியில் அவர்கள் கோலாக் கொட்டை ஒன்றைக் கொடுத்துக் கெஞ்சி அவனை எழுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் பிணம் இறங்கும். ஜாரா படுக்காத குழியில் திராவோரேக்குத் தூக்கம் வராது என்பார்கள். மொராக்கோ மலையில் ஒரு திராவோரே சமையற்காரன் குண்டுபட்டுச் செத்தபோது மொலோபாலி குழியில் படுத்து, "இவன் வச்ச குழம்பத் தின்னுட்டு நான்தான் மொதல்ல செத்தேன், வரிசையில வாங்கடா!" என்று கத்தினான். அன்று கோலாக் கொட்டையை வீசியவன் சிரிமான்தான்.

1940 கோடையில் ஜெர்மானியர்கள் ஆறே வாரத்தில் பிரான்சை மடக்கிப்போட்டார்கள். சண்டை முடிந்தது, பேசாமல் இருங்கள் என்றார் பிரான்சின் கிழட்டு மார்ஷல் ஒருவர். முடியவில்லை என்று லண்டனிலிருந்து வானொலியில் சொன்னார் ஒரு பிரெஞ்சுத் தளபதி. ஆப்பிரிக்காவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். சிப்பாய்களை யாரும் கேட்கவில்லை. மொலோபாலியின் கேப்டன் மொரிஸோ லண்டன் பக்கம் போனார், ஆகவே மொலோபாலியும் லண்டன். காபோன் காட்டுக்குள் ஒரு காவல்நிலையத்தில் இருந்த சிரிமானின் லெப்டினன்ட் மார்ஷல் பக்கம் நின்றார், ஆகவே சிரிமான் மார்ஷல்.

நவம்பரில் கேப்டன் மொரிஸோ நூற்றுப்பத்து ஆட்களோடு காபோனுக்குள் இறங்கினார். ஓயாத மழை. வறண்ட நாட்டுக்காரர்களுக்கு அந்தக் காடு பிடிக்கவேயில்லை. பூட்சுக்குள் பூஞ்சை வளர்ந்தது. கம்பங்களிக்குப் பதில் மரவள்ளிக் கட்டை. வழியில் குறுக்கே ஓர் ஆறு, அதில் எபாங் கடவு. அக்கரையில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். அதைத் தாண்டாமல் கீழே கடற்கரைக்குப் போக முடியாது.

"இந்தக் கடவ எடுத்துக் குடு," என்றார் கேப்டன். கெட்ட மனுஷர் இல்லை. மொலோபாலியின் புகையிலை நனைந்துபோனால் தன்னுடையதைப் பாதி பிரித்துக் கொடுப்பவர். "உன் ரெண்டாவது பட்டைக்கு நானே எழுதுறேன். ஒம்பது வருஷமா உன்ன ஏமாத்தியிருக்காங்க."

மறுநாள் காலை மொலோபாலி தன் ஆட்களோடு கரைச் சேற்றில் தவழ்ந்து போய்ப் படுத்தான். அவர்களில் பாதிப் பேர் ஜோலிபாக்காரர்கள். ஆற்றின் அகலம் எண்பது அடி. அக்கரையில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"இதுக்குப் பேரு சோறாடா? இந்த மரவள்ளியத் துப்பாக்கியில போட்டுச் சுட்டா யானை சாகும்!"

மொலோபாலி தலையைத் தூக்கினான். அந்தக் குரலை அவன் கழுத்துக் கயிற்றோடு கேட்டிருக்கிறான். இன்று எதிரே மணல் மூட்டைக்குப் பின்னால் இருப்பது சிரிமான். சுடச் சொல்லும் வாய் ஜாராவின் வாய்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் குவித்துக் கத்தினான்.

"அங்க யாருடா கொலைக்கிறது? காராமணி தின்னுட்டுக் காட்டையே நாறடிக்கிற!"

 அக்கரையிலிருந்து மெதுவாக, சந்தோஷம் தாங்காத ஒரு குரல் வந்தது.

"ஐயய்யோ! என் அடிமை! உன்னக் காணோம்னு ஆறு மாசமாத் தேடுறேன். யாரோட ஓடிப்போயிட்ட?"

"லண்டன்காரனோட."

"அவன் என்ன குடுக்கிறான் திங்க?"

"மரவள்ளி."

"எங்காளும் அதான். அப்ப எதுக்குடா மாறுன, மடையா!"

இரண்டு கரையிலும் சிரிப்பு. சாட் நாட்டிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பேச்சும் தெரியாது, அந்த உறவும் கிடையாது. ஈரத் தொப்பிக்கடியில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று பகல் முழுக்க எபாங் கடவில் கடும் சண்டை நடந்தது. இரண்டு பக்கமும் மரத்தின் உச்சியைக் குறிவைத்துச் சுட்டார்கள். இலைகள் ஏராளமாக விழுந்தன. குரங்குகூடச் சாகவில்லை. சத்தத்தைக் கேட்டு, பின்னால் கூடாரத்தில் இருந்த கேப்டன், "எதிர்ப்பு பலமா இருக்கு" என்று குறித்துக்கொண்டார்.

மறுநாளும் அதேதான். நடுநடுவே வசவு. சாயங்காலம் மழை விட்டபோது சிரிமானின் குரல் இறங்கி வந்தது.

"ஏ அடிமை. எங்க வெள்ளைக்காரன் காய்ச்சல்ல கெடக்கான். இன்னைக்கி அவன் பொண்டாட்டி பேரச் சொல்லி என்னக் கூப்பிட்டான். ரெண்டு நாள்ல அவனே வெள்ளத்துணிய எடுக்கச் சொல்வான். அதுவரைக்கும் எலையப் பறி. நல்லா பறிக்கிற, தோட்டக்காரனாப் போயிருக்கலாம்."

இரண்டு நாள். மொலோபாலிக்கு வேண்டியது அவ்வளவுதான். இரண்டு நாள் இலை பறித்தால் கடவும் கிடைக்கும், பட்டையும் கிடைக்கும், திராவோரே ரத்தம் ஒரு சொட்டும் மண்ணில் விழாது. கூடாரத்துக்குப் போய்க் கேப்டனிடம், இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் அவர்களே சரணடைவார்கள் என்றான்.

"யார் சொன்னது?"

"அவங்க சார்ஜன்ட்."

"எதிரியோட சார்ஜன்ட் சொன்னதக் கேட்டு நான் உக்காந்திருக்கணுமா?" கேப்டன் சிரித்தார். கையில் ஒரு தாள். நாலு நாளுக்குள் கடற்கரைக்கு வந்து சேரச் சொல்லி மேலிட உத்தரவு. "ரெண்டு நாள் என்கிட்ட இல்ல, மொலோபாலி. பாத்தியா, மீன்புடிக்கிற ஆளு ஒருத்தன் தோணி குடுத்திருக்கான். விடியறதுக்குள்ள மிஷின்கன்னோட சாட் பசங்க மேல்பக்கமா அக்கரைக்குப் போயிடுவாங்க. எதிரிக்கு வலது பக்கம் அந்தப் பெரிய மரத்தடியில. நீ இங்கேருந்து வழக்கம்போலக் கத்து."

மொலோபாலி நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க கத்திக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நல்ல யோசனைதான். அவங்க உன்னையே பாத்துக்கிட்டிருக்கட்டும். காலையில இன்னும் சத்தமாக் கத்து." கேப்டன் அவன் தோளைத் தட்டினார், அந்த ஒற்றைப் பட்டையின் மேல். "நாளைக்கி இது ரெண்டாயிடும்."

விடிந்தது. மொலோபாலி கரைக்குப் போனான். கேப்டன் பத்தடி பின்னால் புதருக்குள் பைனாகுலரோடு நின்றார். அக்கரையில் அந்தப் பெரிய மரத்தடியில் இலை அசைந்தது. கத்தாமல் இருந்தால் சந்தேகம் வந்து சிரிமானின் ஆட்கள் பதுங்குவார்கள் என்று முதலில் நினைத்தான். வாயை மூடிக்கொண்டு படுத்தான். அக்கரையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னடா, இன்னும் எந்திரிக்கலையா? ராத்திரி காராமணி ஜாஸ்தியா?"

"ம், கத்து," என்றார் கேப்டன் பின்னாலிருந்து.

கேப்டனுக்கு அந்த மொழி தெரியாது. மொலோபாலி எழுந்து முட்டிபோட்டுக் கையைக் குவித்தான்.

"சிரிமான்! தலையக் கீழ போடு! உனக்கு வலது பக்கம், பெரிய மரத்தடியில, மிஷின்கன் இருக்கு!"

 சிரிமானின் குரல் வந்தது.

"அப்படியா! எத்தன மிஷின்கன்?"

"ஒண்ணு! வெளயாடலடா! எல்லாரையும் குழிக்குள்ள எறக்கு!"

"ஒண்ணே ஒண்ணா? எங்களுக்கு ஒண்ணு பத்தாதே! டேய், கேட்டீங்களா, ஜாராவுக்கு நம்ம மேல அக்கறை வந்திருச்சு!"

"சிரிமான், நிஜமாச் சொல்றேன்!" மொலோபாலியின் குரல் உடைந்தது. "எங்கம்மா மேல சத்தியம்!"

அதுதான் தப்பாகப் போயிற்று. கேலி உறவு தொடங்கிய நாளிலிருந்து எந்த ஜாராவும் எந்த திராவோரேயிடமும் சத்தியம் செய்ததில்லை. அக்கரையில் வெடித்த சிரிப்பு ஆற்றைத் தாண்டி வந்து இந்தக் கரைக்காரர்களையும் தொற்றிக்கொண்டது. இதைவிடப் பெரிய கேலி இருக்க முடியாது.

"சத்தியம் பண்றான்டா! ஜாரா சத்தியம் பண்றான்! எந்திரிங்கடா, எல்லாரும் வந்து பாருங்க, இது மாதிரி இனிமே பாக்கக் கெடைக்காது!"

ஒவ்வொன்றாக மணல் மூட்டைக்கு மேல் தலைகள் தெரிந்தன. சிரிமான் மூட்டை மேலேயே ஏறி நின்றான். தொப்பி இல்லை. விரல் இல்லாத இடதுகாலைத் தூக்கி, ஜோலிபாக் கரையில் அறுவடைக்கு ஆடுவதுபோல ஓர் ஆட்டம் ஆடி, திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டினான்.

"இந்தா, இதுல சுடச் சொல்லு உன் மிஷின்கன்ன!"

"எறங்குடா!" என்று மொலோபாலி கத்தினான். "எறங்குடா, அடிமையே, எறங்கு!"

மரத்தடியிலிருந்து மிஷின்கன் சுட ஆரம்பித்தது. அதிக நேரம் ஆகவில்லை. கால் சிகரெட் புகைக்கும் நேரம்.

செத்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் துப்பாக்கியை ஆற்றில் எறிந்தார்கள். காய்ச்சல்கார லெப்டினன்ட்டைக் கட்டிலோடு தூக்கிவந்து வெளியில் வைத்தார்கள். கேப்டன் மொரிஸோவை டாக்டர் என்று நினைத்து அந்த லெப்டினன்ட் நாக்கை நீட்டினார்.

கேப்டன் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். எதிரியானாலும் சிப்பாய்கள், ராணுவ மரியாதையோடு புதைக்கலாம் என்றார். மதியத்துக்குள் கரைமேட்டில் ஆறு குழி வெட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் வரிசையில் நின்றார்கள். குழல் ஊதுபவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். கேப்டன் மொலோபாலியிடம் வந்து தன் பழைய சட்டையிலிருந்து பிரித்தெடுத்த இரட்டைப் பட்டையைக் கொடுத்தார்.

"போட்டுக்க. காகிதம் பின்னால வரும்."

அவன் போட்டுக்கொண்டான். கை அதுவாகவே போட்டது.

சிரிமானை ஒரு கான்வாஸ் துணியில் சுற்றிக் குழியோரம் வைத்திருந்தார்கள். கைதிகளில் கோகே திராவோரே என்ற கார்ப்பரல் சிரிமானின் சித்தப்பா மகன். அவன் உடலை இறக்க விடவில்லை. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மொலோபாலியைப் பார்த்தான். மற்ற திராவோரேக்களும் பார்த்தார்கள். மொலோபாலியின் வரிசையில் நின்ற ஜோலிபாக்காரர்களும் பார்த்தார்கள். அவர்களில் வேறு ஜாரா யாரும் இல்லை.

குழி காலியாகக் கிடந்தது. அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

மொலோபாலி சல்யூட்டில் நின்றான். ஏன் படுக்கவில்லை என்று பின்னாளில் அவனிடம் கேட்டவர்கள் உண்டு. ஒருவனிடம், கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார், புதுப் பட்டை, என்றான். இன்னொருவனிடம், நான் எந்த முகத்தோடு படுப்பேன், குழிக்கு அனுப்பினவனே நான்தானே, என்றான். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அன்று அவன் கால் அசையவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"இங்க ஜாரா யாராவது இருக்கீங்களா?" என்று கோகே தங்கள் மொழியில் கேட்டான். திட்டவில்லை. அடிமையே என்று கூப்பிடவும் இல்லை. சந்தையில் வழி கேட்பதுபோலக் கேட்டான்.

"என்ன சொல்றான்?" என்றார் கேப்டன்.

"பிரார்த்தனை," என்றான் மொலோபாலி.

கோகே இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கயிற்றை விட்டான். உடல் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. குழல் ஊதியது.

பிறகு லிபியப் பாலைவனம். எபாங் கைதிகள் ஒரு வாரத்தில் லண்டன் பக்கம் சேர்க்கப்பட்டார்கள். இந்த முறையும் யாரும் கேட்கவில்லை. கோகே மொலோபாலியின் கம்பெனியிலேயே இருந்தான். கூப்பிட்டால், "சரிங்க லெப்டினன்ட்" என்பான். சல்யூட் பிசகியதேயில்லை. ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் மொலோபாலியைத் திட்டவில்லை. மணலில் ஒரு கண்ணிவெடி அவனைக் கொண்டுபோயிற்று. மொலோபாலி குழிக்குள் இறங்கப் போனான். கோகே முன்கூட்டியே வேறொருவனிடம் சொல்லி வைத்திருந்தானாம், தேவையில்லை என்று.

1944இல் பிரான்சில் பனி விழத் தொடங்கியதும், கறுப்புச் சிப்பாய்களுக்குக் குளிர் ஆகாது என்று மேலிடத்துக்குத் திடீரென ஞாபகம் வந்தது. மேல்கோட்டுகளைக் கழற்றி வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மொலோபாலியும் கழற்றிக் கொடுத்தான். பட்டையைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேசை கடைசிவரை கதவோரம்தான் இருந்தது.

1946இல் ஊர் திரும்பினான். மார்ஷல் பக்கம் செத்தவர்களின் காகிதங்களைத் தேடுவார் இல்லாததால் எபாங் கடவைப் பற்றித் தியோங்கோனிக்கு ஒரு சேதியும் போகவில்லை. சிரிமானின் மனைவி நியெபா ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். வழக்கப்படி வேறு குலத்து ஆள் ஒருவனை அனுப்பிச் சொல்லியிருக்கலாம். மொலோபாலியின் தம்பி அப்படித்தான் சொன்னான். மொலோபாலி கேட்கவில்லை. குழியில் படுக்காதவன் இந்த ஒன்றையாவது தானே செய்ய வேண்டும் என்று கம்பங்கொல்லையைத் தாண்டிப் போனான்.

நியெபா முற்றத்தில் ஷியாக் கொட்டை வெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சீருடையைப் பார்த்ததும் துடுப்பை ஓங்கிக்கொண்டு எழுந்தாள்.

"காராமணி வாசனை வருதேன்னு பார்த்தேன்! என் புருஷனோட அடிமை வந்திருக்கு! சட்டிய மூடுங்கடி!"

வீட்டுக்குள்ளிருந்து சிரிமானின் தங்கைகள், தம்பிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"நியெபா," என்றான் மொலோபாலி. "சிரிமான் செத்துட்டான்."

 முற்றமே சிரித்தது.

"செத்துட்டானாம்! ஜாரா சேதி கொண்டாந்திருக்கான்!"

"அவன் சாவுறதுக்கு ஒங்கிட்ட அனுமதி கேட்டானா?"

"கடற்கரையில எவளையோ கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான். அதச் சொல்ல வெக்கப்பட்டு இவன அனுப்பியிருக்கான்," என்றாள் நியெபா. கண்ணெல்லாம் வெளிச்சம். "ஏ, வெக்கங்கெட்டவனே, எவ அவ? கறுப்பா செவப்பா? சொல்லு, நான் ஒண்ணும் அடிக்க மாட்டேன்."

மொலோபாலி பதில் சொல்லவில்லை. சொன்னால் கேலியாகிவிடும். சத்தியம் செய்தால் இன்னும் மோசம். அது அவனுக்குத் தெரியும்.

"என்னடா, லெப்டினன்ட் ஆனதும் வாய் ஒட்டிக்கிச்சா? மார்ல என்ன தொங்குது, மாட்டு மணியா?"

அவன் நின்றான்.

"உங்கம்மா உனக்குப் பேரு வச்ச அன்னைக்கே..." என்று நியெபா தொடங்கினாள். அதற்கு ஒரு ஜாரா குறைந்தது மூன்று வசவு திருப்பித் தர வேண்டும். அவள் காத்திருந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

நியெபாவின் கையிலிருந்த துடுப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. ஒரு ஜாரா வசவுக்குப் பதில் தராமல் நிற்பதை அந்த முற்றத்தில் யாரும் பார்த்ததில்லை. தங்கைகளில் ஒருத்தி வாயில் துணியை வைத்துக்கொண்டாள்.

"எங்க?" என்றாள் நியெபா.

"காபோன்ல. ஒரு ஆத்தங்கரையில."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"எதிர்ல இருந்தேன்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "யாரு சுட்டது?"

"நான் இல்ல. என் பக்கத்து ஆளுங்க. சுடப் போறாங்கன்னு கத்துனேன், நியெபா. சத்தியம் பண்ணிக் கத்துனேன்."

"அவரு என்ன செஞ்சாரு?"

"சிரிச்சான். மேல ஏறி ஆடுனான்."

"ஆமா," என்றாள் நியெபா. "ஆடுவாரு." சட்டியில் வெண்ணெய் கருகும் வாசம் வந்தது. யாரும் இறக்கவில்லை. "குழியில யாரு படுத்தா?"

மொலோபாலியின் கை தோள் பட்டைக்குப் போனது. 

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அழவும் இல்லை, அவன் எதிரில். துடுப்பைச் சட்டிமேல் குறுக்கே வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது தலையைத் துணியால் மூடியிருந்தாள். ஒரு கையில் புதுப்பாய், இன்னொரு கையில் தண்ணீர்க் குடுவை. வெளியூரிலிருந்து வரும் பெரிய மனிதர்களுக்கு விரிப்பதுபோல நிழலில் பாயை விரித்தாள். மண்டியிட்டு இரண்டு கையாலும் குடுவையை நீட்டினாள்.

"குடிங்க, ஐயா. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க."

மொலோபாலி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு வசவு, ஒரே ஒரு வசவு வருமா என்று பார்த்தான்.

"நியெபா, என்னத் திட்டு," என்றான்.

அவள் குடுவையை நீட்டியபடியே இருந்தாள். கொழுந்தன்மார் ஒவ்வொருவராக வந்து, கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து, வந்த விருந்தாளிக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார்கள்.